கைப்பழக்கம்

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒப்பித்திருக்கிறோம். சித்திரம் கையின் பழக்கத்தால் வருவது என்கிறது அந்தப் பாடல். நட்பையும் தயையையும் கொடையையும் பிறவியோடு வருபவை என்று தனியே பிரித்து வைக்கிறது. இந்தப் பிரிவினையை யாரும் தட்டிக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பாடலின் முதல் பாதியைக்கூட நாம் மனதார நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. சங்கீத வித்வான் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்கிறார் என்றால் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறோம். மிருதங்கக்காரர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஓவியன் ஒருவன் தினமும் உட்கார்ந்து கையைப் பழக்குகிறான் என்றால் மட்டும், சரக்கு தீர்ந்துவிட்டது போலும் என்று ஒரு சந்தேகம். அவனுக்குத் தரிசனம் வர வேண்டும்; வராத நாளில் காப்பி ஹோட்டலில் உட்கார்ந்து தரிசனத்தைப் பற்றிப் பேச வேண்டும். நம் சிறுபத்திரிகைகளும் இந்த மனோபாவத்தை வளர்த்ததில் பங்குகொண்டவைதாம்.

தினமும் வரைவது என்ற பழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் எனக்கு அக்கறையுள்ள பகுதி 1919க்கும் 1947க்கும் இடையே வங்காளத்தில் நடந்தது. பழக்கமும் தயையும் பாடல் வகுத்த இடங்களில் அங்கே ஒழுங்காக நிற்கவில்லை. அதற்குப் போகுமுன் வேறு இரண்டு மூன்று பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் டர்னர் 1851ல் இறந்தபின் அவருடைய சொத்து தேசத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் ஏறக்குறைய முந்நூறு ஸ்கெட்ச் நோட்டுகள் இருந்தன. பல, கோட்டுப் பையில் அடங்கும் அளவு. 1857ல் ரஸ்கின் அவற்றைப் பிரித்து அடுக்க உட்கார்ந்தார். இது எண்ணிக்கையின் அதிசயம். இதைத் தாண்டி எனக்குச் சொல்ல அதிகமில்லை. பெர்லினில் அடால்ஃப் மென்ஸெல் (1815–1905) விஷயம் வேறு. குள்ள உருவம், நோட்டுகளுக்கென்றே பைகள் வைத்துத் தைத்த மேலங்கி, எங்கே போனாலும் எதையாவது வரைந்துகொண்டிருக்கும் கை. பிரஷ்ய ராஜசபையின் வைபவங்களைத் தீட்டிப் பேர் வாங்கியவர். 1866ல் ஆஸ்திரியாவுடன் யுத்தம் நடந்தபோது பொஹீமியாவுக்குப் போய், ஒரு களஞ்சியத்தின் தரையில் கிடத்தப்பட்டிருந்த, செத்த, செத்துக்கொண்டிருந்த சிப்பாய்களைப் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் வரைந்தார். வெற்றி பெற்ற பக்கத்தைச் சேர்ந்தவர் அவர். அந்தத் தாள்களில் வெற்றியின் சாயல் துளியும் இல்லை. மேஜை நாற்காலியையும் கலைந்த படுக்கையையும் தினம் தினம் வரைந்து பழகிய கை, திறந்த வாயையும் வெறுங்காலையும் அதே சிரத்தையோடு வரைந்திருக்கிறது. இதைக் கொடூரம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜப்பானில் ஹொகுஸாய். 1842, 43 வருஷங்களில், எண்பதைத் தாண்டிய கிழவர், காலையில் முதல் வேலையாக ஒரு சிங்கத்தை வரைந்தார். சீனத்துக் கற்பனைச் சிங்கம். ஒரு நாள் குதிக்கும், ஒரு நாள் தூங்கும், ஒரு நாள் நாட்டியக்காரன் தலையில் முகமூடியாக ஏறி உட்கார்ந்திருக்கும். நிஷ்ஷின் ஜோமா என்று அதற்குப் பெயர். தினமும் பீடை கழிப்பது என்று தமிழில் சொல்லலாம். தறுதலைப் பேரன் ஒருவனால் வந்த தொல்லைகளை விரட்டத்தான் இதை ஆரம்பித்தார் என்பார்கள். தேதியிட்ட தாள்கள் இருநூறுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு முன்பே 1834ல், ஃபூஜி மலைப் படங்களின் புத்தகத்தில், எழுபது வயதுக்கு முன் தான் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று எழுதியவர் அவர். நூறைத் தாண்டினால் தன் ஒவ்வொரு புள்ளிக்கும் உயிர் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். 1849ல் செத்துப் போனார். கலை பற்றிய நம் பேச்சில் அகப்படாத ஒன்று இந்தச் சிங்கங்களில் இருக்கிறது. கலைக்காக வரைந்தவை அல்ல அவை. விற்பதற்கும் அல்ல. வாசலில் சாணி தெளிப்பது போல ஒரு காரியம்.

வாசல் என்றதும் நம் வீட்டுக் கோலம் நினைவுக்கு வருகிறது. தமிழ் நாட்டில் ஸ்கெட்ச் புத்தகம் என்று ஒன்று மரபாக இருந்ததா என்று கேட்பவர்களிடம், பரணில் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். புள்ளி எண்ணிக்கை எழுதி, பென்சிலால் போட்டு, பிறகு மையால் ஓட்டிய கோல நோட்டுகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. வரைந்தவர்கள் தம்மை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கோலம் மதியத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும் என்பது அவர்களைத் தடுக்கவும் இல்லை. வங்காளத்தில் இதற்கு அல்பனா என்று பெயர்; அரிசி மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து விரலால் போடுவது. அவனீந்திரநாத் தாகூர் 1919ல் வங்காள விரதங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அல்பனாவைக் கலையாக மதித்து ஆராய்ந்தார். சாந்திநிகேதனில் அது பாடமாகவே ஆயிற்று. நாம் கோலத்தை மார்கழிப் போட்டிக்கு விட்டுவிட்டோம்.

வெள்ளைக்காரர்கள் வைத்த ஓவியப் பள்ளிகளிலும் கைப்பழக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னைப் பள்ளியை 1850ல் ஆரம்பித்த அலெக்ஸாண்டர் ஹன்டர் ஒரு சர்ஜன். கல்கத்தாப் பள்ளி 1854ல் வந்தது. கைத்தொழிலுக்கு ஆள் தயார் செய்வது நோக்கம். கிரேக்கச் சிலைகளின் சுதை நகல்களை மாணவர்கள் மணிக்கணக்கில் பார்த்து வரைந்தார்கள். கை தேறியது. பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே போகிறவன் மட்டும் அந்தத் தாளில் வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சென்னையில் 1884 முதல் இருந்துவிட்டு 1896ல் கல்கத்தாவுக்குப் போன ஹாவெல் அங்கே இந்த முறையைக் கலைத்தார். பதிலாக அவர் காட்டியது முகலாய ஓவியத்தையும் பழைய இந்தியாவையும். அங்கேயும் ஜன்னல் திறக்கவில்லை.

ஜன்னலைத் திறந்தவர் நந்தலால் போஸ். இது என் அபிப்பிராயம். அவரை அவனீந்திரநாத்தின் சிஷ்யராக மட்டும் பார்ப்பவர்கள் ஒப்பமாட்டார்கள். 1882ல் பிறந்தவர். 1909ல் அஜந்தாவில் லேடி ஹெரிங்ஹாமுக்காகச் சுவரோவியங்களைப் பிரதி எடுத்தார். 1919ல் தாகூர் சாந்திநிகேதனில் தொடங்கிய கலாபவனத்துக்கு வந்து, 1951ல் ஓய்வு பெறும்வரை அதை நடத்தினார். 1924ல் தாகூரோடு சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனார். தூரிகையும் மையும் கொண்டு, திருத்தத்துக்கு இடமில்லாமல், ஒரே மூச்சில் போடும் கோட்டை அந்தக் கிழக்கிலிருந்து எடுத்துக்கொண்டார். அவர் பையில் எப்போதும் தபால் கார்டு அளவில் வெற்று அட்டைகள் இருக்கும். ஆடு, பனைமரம், மண்குடத்தோடு போகும் சந்தால் பெண், ரயிலுக்குக் காத்திருக்கும் ஜனம், எதுவானாலும் அட்டையில் ஏறும். பலவற்றை மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் தபாலில் அனுப்பிவிடுவார். தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய படைப்புகள் ஏழாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை இந்த அட்டைகளும் சின்னத் தாள்களும்தாம்.

அங்கே சில அட்டைகளை நான் பார்த்தபோது, பெரிய புராணச் சித்திரங்களின் நந்தலாலைவிட இவர் எவ்வளவு மேலானவர் என்றே நினைத்துக்கொண்டேன். புராணச் சித்திரங்களில் பக்தி இருக்கிறது, அழகு இருக்கிறது, கொஞ்சம் தூக்கமும் இருக்கிறது. அட்டையில் தூங்க நேரமில்லை. ஆடு நகர்ந்துவிடும். நாலு கோட்டில் அதன் முதுகெலும்பும் பிடிவாதமும் வந்துவிடுகின்றன. 1938 பிப்ரவரியில் குஜராத்தில் ஹரிபுரா காங்கிரஸ் கூடியபோது காந்தி கேட்டுக்கொண்டபடி நந்தலால் செய்த வரிசை பிரசித்தம். செருப்புத் தைப்பவன், தச்சன், மேளக்காரன், தானியம் குத்துகிறவள். பந்தலில் தொங்கவிட, நடந்துபோகிற கிராமத்தான் அண்ணாந்து பார்த்துப் புரிந்துகொள்ளச் செய்தவை. அந்த வேகமும் நம்பிக்கையும் அட்டைகளின் வருஷங்கள் இல்லாமல் வந்திருக்கா.

அவருடைய மாணவர் பினோத்பிஹாரி முகர்ஜியின் கதை இன்னும் கூர்மையானது. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மறு கண்ணில் கிட்டப் பார்வை. 1946, 47ல் சாந்திநிகேதன் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் மத்தியகால பக்தர்களின் வாழ்க்கையை வரைந்தார். முழு அளவு மாதிரி போட்டுச் சுவரில் பதித்துக்கொள்ளாமல், ஈரச் சாந்தின் மேல் நேராக. முழுச் சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க அந்தக் கண்ணால் முடிந்திருக்காது. கை எங்கே இருக்கிறது என்று கைக்குத்தான் தெரிந்திருக்கும். 1956ல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வை முழுவதும் போயிற்று. அதன் பிறகும் வரைந்தார், காகிதம் வெட்டி ஒட்டினார், 1972ல் கலாபவனத்தில் ஓடுகளால் ஒரு சுவரையே எழுப்பினார். சத்யஜித் ராய் அதே வருஷம் அவரைப் பற்றி எடுத்த படத்தில் அந்த விரல்களைப் பார்க்கலாம்.

இனி 1943.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வருஷம் வேறு விதமாக நினைவிருக்கும். ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று வங்காளக் கரையோரத்தில் படகுகளையும் நெல்லையும் சர்க்கார் அப்புறப்படுத்திற்று. அக்டோபர் 16ல் புயல் மிதினாபூரைத் துடைத்தெடுத்தது. விலை ஏறியது, பதுக்கல் நடந்தது, யுத்தத்துக்குத் தேவைப்பட்ட கல்கத்தாவுக்கு மட்டும் அரிசி ஒதுக்கப்பட்டது. விசாரணைக் கமிஷன் 1945ல் சொன்ன சாவுக் கணக்கு பதினைந்து லட்சம். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் முப்பது லட்சம் வரை போகிறார்கள்.

கல்கத்தா ஓவியப் பள்ளியில் அப்போது ஆசிரியராக இருந்தவர் ஜைனுல் ஆபேதின், வயது இருபத்தெட்டு. மைமன்சிங் பக்கத்துக்காரர். பிரம்மபுத்திரா நதியை நீர்வண்ணத்தில் வரைந்து 1938ல் தங்கப் பதக்கம் வாங்கியவர். பரிசல், மூங்கில், மழை மேகம் இவற்றில் பழகிய கை. பஞ்சத்தில் நல்ல காகிதம் வாங்க வழியில்லை. கரியை எரித்துத் தானே மை செய்துகொண்டு, பொட்டலம் கட்டும் மலிவுத் தாளில் நடைபாதைகளை வரைந்தார். குப்பைத்தொட்டியைச் சுற்றி மனிதனும் நாயும் காக்கையும். காய்ந்த தூரிகையை இழுத்த கோடு, விலா எலும்பில் பிசிறிப் போகிறது. காக்கையின் அலகுக்கும் குழந்தையின் முழங்காலுக்கும் ஒரே அழுத்தம். இங்கே அழுகை கிடையாது. பதக்கம் வாங்கிய ஆற்றுச் சித்திரங்களின் ரம்யமும் கிடையாது. கை அதேதான், அதில் சந்தேகமில்லை. பழக்கம் எதைச் செய்தது என்று கேட்டால், தயங்கும் நேரத்தை இல்லாமல் செய்தது என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. எப்படி வரைவது என்று யோசிக்க வேண்டியிருப்பவன் அந்த நடைபாதையில் நின்றிருக்க முடியாது. திரும்பி வீட்டுக்குப் போய்விடுவான்.

சித்தப்ரசாத் (1915–1978) எந்தப் பள்ளியிலும் முறையாகத் தேறியவர் அல்ல. நந்தலாலின் வழியில் வைத்து அவரைப் பேசுவது சரியாகாது. சிட்டகாங்கில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகச் சுவரொட்டி வரைந்து வரைந்தே கை வந்தது. 1943 நவம்பரில் மிதினாபூர் மாவட்டம் முழுவதும் நடந்தார். படம் ஒரு பக்கம், குறிப்பு ஒரு பக்கம். யார், எந்த ஊர், என்ன தொழில் செய்தவர், வீட்டில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அது 'பசித்த வங்காளம்' என்ற சிறு புத்தகமாக ஆங்கிலத்தில் வந்தது. ஐயாயிரம் பிரதிகள். சர்க்கார் பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தாரிடம் ஒரு பிரதி தப்பி, பாங்குப் பெட்டகத்தில் கிடந்து, 2011ல் நகல் பதிப்பாக மறுபடி வெளியாயிற்று. கட்சியோடு சித்தப்ரசாத்துக்கு நாற்பதுகளின் கடைசியிலேயே உறவு அறுந்துவிட்டது. பம்பாய் அந்தேரியில் ஒண்டிக்கட்டையாக, வறுமையில், மரத்திலும் லினோலியத்திலும் செதுக்கிக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டினார்.

செத்துக்கொண்டிருப்பவனை வரையலாமா? ஒரு கை கஞ்சி ஊற்றாமல் மை தொட்டுக்கொண்டு நிற்பது என்ன ஜன்மம்? இந்தக் கேள்வி நியாயமானது. இதைத் தத்துவமாகப் பேச எனக்கு வகை தெரியாது, கண்டதைச் சொல்கிறேன். சில வருஷங்களாகக் காலையிலோ இரவிலோ தினம் ஒரு பக்கம் வரைந்து வருகிறேன், கோடு போடாத நாற்பது பக்க நோட்டில். ஓவியனாகும் உத்தேசமில்லை. என் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினாறு நாளும் நோட்டு கையில் இருந்தது. அவர் கையை வரைந்தேன். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. வரையாத நேரத்தில் என்னால் அந்தக் கையைப் பார்க்க முடிந்ததில்லை. பார்வை ஜன்னலுக்கோ கடிகாரத்துக்கோ ஓடிவிடும். வரையும்போது மட்டும் கால் மணி நேரம் அதன் மேலேயே நின்றது. பக்கத்துக் கட்டிலுக்காரரின் மனைவி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏங்க, எங்க வீட்டுக்காரரையும் ஒண்ணு போட்டுக் குடுங்க. அடியில பேரும் ஊரும் எழுதிருங்க."

போட்டுக் கொடுத்தேன். முகம் சரியாக வரவில்லை. பெயரையும் ஊரையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து மருந்துச் சீட்டுகளோடு வைத்துக்கொண்டாள். சித்தப்ரசாத்தின் தாள்களில் இருக்கும் பெயர்களை அதற்கப்புறம் நான் வேறு மாதிரிப் படிக்கிறேன்.

நந்தலால் அதே 1943ல் பஞ்சத்துக்குச் சொன்ன பதில் 'அன்னபூர்ணா'. அமர்ந்திருக்கும் அன்னபூரணி, எதிரே எலும்புக்கூடாய்க் கை ஏந்தி ஆடும் சிவன். கருத்து பெரியது. படமும் லேசானதல்ல. ஆனால் பையில் அட்டையோடு திரிந்தவர், ஆட்டுக்கும் பனைக்கும் நாலு கோட்டில் நியாயம் வழங்கியவர், இந்தச் சமயத்தில் ஏன் கைலாசத்துக்குப் போனார்? அறுபது வயதுக்காரர், தாள முடியாததைத் தாங்க மரபு ஒன்றுதான் அவருக்குக் கையிருப்பு என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. பழக்கம் ஒருவனை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்துகிறது. வாசலைத் தாண்டுவதை அது செய்வதில்லை போலும். அங்கே ஜைனுலுக்கும் சித்தப்ரசாத்துக்கும் வேறு ஏதோ இருந்தது. அதற்கு ஔவையாரின் பாடலில் வரும் பெயரைக் கொடுக்க எனக்குத் தடையில்லை. அது பிறவியிலேயே வந்தது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

காரணம் ஸோம்நாத் ஹோர். 1921ல் சிட்டகாங் பக்கம் பிறந்தவர். பஞ்சத்தில் வாடியவர்களைத் தெருவிலேயே நின்று வரையும்படி அவரைத் தூண்டியவர் சித்தப்ரசாத். கூடவே போய், பார்த்து, கற்றார். அதாவது தயையும் ஒருவர் பக்கத்தில் மற்றொருவர் நின்று பழகிக்கொண்டதுதான். பிறகு கல்கத்தாப் பள்ளியில் ஜைனுலிடம் மாணவர். 1946 டிசம்பரில் கட்சி அவரை வடக்கு வங்காளத்தில் ரங்கபூருக்கு அனுப்பிற்று. குத்தகை விவசாயிகள் விளைச்சலில் பாதிக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுக் கிளம்பியிருந்தார்கள். தேபாகா. நெல்லைப் பண்ணையார் களத்துக்குக் கொண்டுபோகாமல் தங்கள் களத்திலேயே அடுக்கினார்கள். 1940ல் சர்க்கார் கமிஷனே சிபாரிசு செய்த பங்குதான் அது. ஆகஸ்டில் கல்கத்தாவும் அக்டோபரில் நவகாளியும் மதத்தின் பேரில் ரத்தம் கண்ட அதே வருஷத்தில், இங்கே ஹிந்துவும் முஸ்லிமும் ஒரே வயலில் இறங்கி அறுத்தார்கள்.

ஹோரின் தேபாகா நாட்குறிப்பு நான் அறிந்தவரை இந்தியாவில் வரைபவன் எழுதிய நாட்குறிப்புகளில் தலைசிறந்தது. அறுவடை, லாந்தர் வெளிச்சத்தில் கூட்டம், தடியோடு காவல் நிற்பவர்கள், முகங்கள். எழுத்து ஆரவாரமில்லாதது. என்ன சாப்பிட்டோம், எங்கே படுத்தோம், எவ்வளவு குளிர். படத்தில் மக்கள் எலும்பாக இல்லை. இது முக்கியம். மூன்று வருஷம் முன்பு படுத்துக் கிடந்தவர்களை வரைந்து பழகியவர், இப்போது நிற்பவர்களை வரைகிறார். முதுகு நிமிர்ந்தால் கோடு எப்படி மாறுகிறது என்பதை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம். சில பக்கங்களில் கை அவசரப்பட்டிருக்கிறது, முகங்கள் அச்சடித்தாற்போல் இருக்கின்றன. பிரசாரம் எட்டிப் பார்க்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் விலக்க நான் விரும்பவில்லை. தினமும் வரைகிறவனுக்கு எல்லா நாளும் நல்ல நாளாக இருக்காது. அச்சில் வர அந்த நோட்டு முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தது.

சென்னையில் இந்தப் பழக்கம் இல்லாமலில்லை. 1929 முதல் 1957 வரை பள்ளியை நடத்திய தேவிபிரஸாத் ராய் சௌத்ரியும் அவருக்குப் பின் வந்த பணிக்கரும் கோட்டின் மேல் மரியாதை வைத்தவர்கள். 1969ல், காந்தி நூற்றாண்டில், ஆதிமூலம் நூறு காந்திகளைப் பேனாவும் மையுமாக வரைந்தார். ஒரே முகம், ஒரே தடி, நூறு தடவை. வரிசையாகப் பார்த்தால் காந்தியைவிட அந்தக் கை தேடுவது தெரியும். நம் சிறுபத்திரிகைகளின் அட்டைகளுக்கும் அதே கைதான் வந்தது. ஆனால் கீழ்வெண்மணி எரிந்தது 1968 டிசம்பர் 25ல். நாற்பத்து நான்கு பேர். யாராவது ஒருவர் நோட்டோடு அங்கே போய்ப் பெயரும் ஊருமாக வரைந்திருந்தால் அது என் கண்ணில் பட்டதில்லை.

ஹோர் பிற்காலத்தில் கலாபவனத்தில் அச்சுக்கலை கற்பித்தார். 1971ஐ ஒட்டி 'காயங்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார். களிமண்ணிலோ மெழுகிலோ கத்தியால் கீறி, அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, காகிதக் கூழை அதன் மேல் அழுத்திச் செய்தவை. மை கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பள்ளங்கள், அபூர்வமாக ஒரு துளிச் சிவப்பு. ஆளும் இல்லை, ஊரும் இல்லை. நேர் வெளிச்சத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது. தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.